34 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, நீங்கள் இருவர்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. நீ இடைநிலை ஆசிரியராகப் பணியில் சேர்ந்த சேதியை உன் அப்பா போனில் சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது. நம் வீட்டில் எனக்குப் பிறகு சாக்பீஸ் பிடிக்கும் கை உன்னுடையதுதான். ரொம்ப சந்தோஷம் அம்மாடி. மறுநாள் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சேதியையும் பார்த்தேன். "ஸ்கூல்ல மொத்தமே 34 பிள்ளைங்கதான் அத்தை, ரெண்டு டீச்சர். ஈஸியா இருக்கும்னு நினைக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன். வைத்துக்கொண்டு நிதானமாகப் படி.

நீ கேட்டுச் சொன்ன கணக்கு இது: ஒன்றாம் வகுப்பில் 6, இரண்டில் 5, மூன்றில் 9, நான்கில் 6, ஐந்தில் 8. இதை அலுவலகத்தில் கொடுத்தால் 34-ஐ 2-ஆல் வகுத்து, ஓர் ஆசிரியருக்கு 17 பிள்ளைகள் என்று எழுதிக்கொள்வார்கள். நகரத்தில் லட்ச ரூபாய் கட்டணம் வாங்கும் பள்ளிகள்கூட இப்படி ஒரு விகிதம் தங்களிடம் இருப்பதாகப் பெருமை பேசும். ஆனால் காலை ஒன்பதரை மணிக்கு நீ நிற்கப்போகும் அறையில் 17 பேர் இருக்கமாட்டார்கள். நான்கையும் ஐந்தையும் தலைமை ஆசிரியர் எடுத்துக்கொள்வார். ஒன்று முதல் மூன்று வரை உன் தலையில். 20 பிள்ளைகள், மூன்று வகுப்புகள், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். 45 நிமிடப் பாடவேளையை மூன்றாகப் பிரித்தால் ஒரு வகுப்புக்குக் கால் மணி நேரம். அந்த முக்கால் மணியில் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து சொல்லிக்கொடுத்து, இரண்டாம் வகுப்பை வாசிக்கவைத்து, மூன்றாம் வகுப்பின் நோட்டைத் திருத்த வேண்டும். இதற்கிடையில் ஒருவன் மூக்கில் ரத்தம் வருகிறது என்று வந்து நிற்பான்.

தலைமை ஆசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குக் கூட்டத்துக்குப் போகிற நாட்களில் 34 பேரும், ஐந்து வகுப்பும் உன்னிடம். தேர்தல் வேலை, வாக்காளர் பட்டியல் வேலை என்று உங்களில் ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டாலும் இதே கதைதான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே ஆசிரியரை அழைக்கலாம் என்கிறது. பத்து ஆசிரியர் இருக்கிற பள்ளியில் ஒருவர் போனால் சமாளித்துக்கொள்வார்கள். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் போனால் பாதிப் பள்ளி போய்விடுகிறது.

இந்தச் சட்டத்தை நீ தகுதித் தேர்வுக்காகப் படித்திருப்பாய். 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் இணைப்பு அட்டவணையை இப்போது ஆசிரியராக மறுபடியும் எடுத்துப் படி. ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளிக்கு, 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. 121-ஐத் தொட்டால்தான் ஐந்து. அதாவது, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டுமென்றால் ஓர் ஊரில் 121 பிள்ளைகள் சேர்ந்தாக வேண்டும். அதே அட்டவணையில் ஆறு முதல் எட்டு வரைக்கு என்ன எழுதியிருக்கிறது பார்: வகுப்புக்குக் குறைந்தது ஓர் ஆசிரியர். பெரிய பிள்ளைக்கு வகுப்பை எண்ணிய சட்டம், எழுத்துக்கூட்டக் கற்கிற சின்னப் பிள்ளைக்குத் தலையை எண்ணி வகுத்துவிட்டது. இந்தச் சட்டம் நம் பிள்ளைகளுக்குச் செய்த நன்மைகள் நிறைய. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஓர் இடத்தில் அது தவறு. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்பது தொடக்கப்பள்ளிக்குத்தான் முதலில் கிடைத்திருக்க வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் இதைப் பல காலமாகக் கேட்டுவருகின்றன. நீயும் கேட்பாய் என்று எதிர்பார்க்கிறேன்.

பிள்ளைகள் குறைவாக இருந்தால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்கு ஆதாரமே இருக்கிறதே என்று நீ சொல்லக்கூடும். இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கி நான்கு ஆண்டுகள், 79 பள்ளிகளில், 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். சில வகுப்புகளில் 13 முதல் 17 பேர், மற்றவற்றில் 22 முதல் 25 பேர். சின்ன வகுப்பில் இருந்தவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னால் நின்றார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் அதிகப் பலன் கிடைத்தது. ஆனால் அங்கே 15 பேர் என்றால் ஒரே வகுப்பைச் சேர்ந்த 15 பேர், அவர்களுக்கென்றே ஓர் ஆசிரியர். அந்த முடிவை எடுத்துவந்து உன் 20 பேருக்குப் பொருத்தக்கூடாது. உனக்கு வாய்த்திருப்பது சின்ன வகுப்பு இல்லை. ஒரே அறைக்குள் இருக்கும் மூன்று வகுப்புகள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பல வகுப்பை ஒன்றாக வைத்துப் பாடம் நடத்துவது தனி வேலை. அதற்கென்று நம் மாநிலத்தில் சில நல்ல வழிகள் ஏற்கெனவே உருவாகியிருக்கின்றன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றலை நீ சிறுமியாக இருந்தபோது பார்த்திருப்பாய். அட்டைகள், ஏணிப்படி, பாயில் வட்டமாக உட்காருவது. அந்த அட்டைகள் போய்விட்டன. ஆனால் சுவரின் அடிப்பகுதியில், பிள்ளையின் தோள் உயரத்துக்குப் பூசிய கரும்பலகைப் பட்டை பல பள்ளிகளில் இன்னும் இருக்கும். உன் அறையில் இருந்தால், அதன்மேல் அலமாரியையோ மூட்டையையோ சாத்தவிடாதே. ஆளுக்கு ஒன்றரை அடி கோடு போட்டு, மேலே அவரவர் பெயரை எழுதிக் கொடு. மூன்றாம் வகுப்பு ஒன்பது பேரும் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது, நீ ஒன்றாம் வகுப்போடு தரையில் உட்காரலாம். தலையைத் திருப்பினாலே ஒன்பது பேர் எழுதுவதும் தெரியும். யார் 'ள'வுக்கும் 'ல'வுக்கும் தடுமாறுகிறார்கள், யார் பக்கத்தில் பார்த்து எழுதுகிறார்கள், கழித்தலில் கடன் வாங்கியதை யார் மறந்தார்கள் எல்லாம் எழுந்து போகாமலே கண்ணில் படும். நோட்டில் எழுதினால் இது கிடைக்காது.

2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் ஒன்று முதல் மூன்று வரை உள்ளவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கச் சொல்கிறது. அந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள். பிள்ளையின் நெற்றியில் ஒட்டாதே. மூன்றாம் வகுப்பில் அரும்பு நிலையில் உட்காருகிற பையனுக்குத் தான் ஏன் தம்பியோடு உட்காருகிறோம் என்று நன்றாகத் தெரியும். தமிழில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருந்தால், கணக்கு நேரத்தில் அவனைக் கூப்பிட்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வை. அவன் முகம் மாறுவதைப் பார்ப்பாய். இன்னொன்று: அறை அமைதியாக இருக்க வேண்டும் என்பதற்காகப் 'பார்த்து எழுது' என்று கொடுத்துவிட்டுப் பதிவேட்டை நிரப்பும் பழக்கத்துக்குப் போகாதே. ஒருமுறை போனால் அதிலிருந்து மீள்வது கஷ்டம்.

இனி, அந்த 34 பேர் யார் என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் அதிகம் எழுத நினைத்தேன்.

ஒரு மாலை நேரம் பள்ளி விட்டபின் சேர்க்கைப் பதிவேட்டைக் கையில் எடுத்து உட்கார். பத்து வருடப் பக்கங்களைப் புரட்டு. ஊரின் வரலாறு அதில் இருக்கும். முன்பு எந்தெந்தத் தெருவிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள், எந்த வருடம் எந்தத் தெரு நின்றுபோனது என்பதைப் பார். அண்ணன் தம்பி பெயர் இல்லாமல் பெண்பிள்ளை பெயர் மட்டும் இருக்கும் வீடுகளைக் குறித்துக்கொள். அந்த வீட்டுப் பையன் மஞ்சள் வேனில் ஏறித் தனியார் பள்ளிக்குப் போயிருப்பான். ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் பணம் கட்ட முடியும் என்ற நிலை வந்தால், யாருக்குக் கட்டுவது என்று பெரும்பாலான வீடுகளில் யோசிப்பதே இல்லை. அரசுப் பள்ளிக்கு வந்து சேரும் அந்தப் பெண் தன்னை மிச்சமாக நினைத்துக்கொண்டு வளராமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு.

பிள்ளைகள் குறைந்ததற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். அரசு ஆசிரியர் சரியில்லை என்பது எல்லாருக்கும் வசதியான காரணம். முதல் காரணம், பிள்ளை பிறப்பதே குறைந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். உன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் 8, ஒன்றில் 6 என்பதில் ஊருக்குள் தொட்டில் குறைந்ததும் சேர்ந்திருக்கிறது. இரண்டாவது ஆங்கில வழி மோகம், வீட்டு வாசலுக்கே வரும் வேன், டை, ஷூ. மூன்றாவது, தனியார் பள்ளிகளில் நுழைவு நிலை வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கி, கட்டணத்தை அரசே செலுத்தும் ஏற்பாடு. நம் மாநிலத்தில் 2013-14 முதல் இதில் ஏராளமான பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். கிடைக்கிற இடத்தை ஏழைப் பெற்றோர் எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை. அவர்கள்மேல் ஒருநாளும் கோபப்படாதே. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அங்கே பணம் கட்டிவிட்டு, இங்கே பிள்ளை குறைந்துவிட்டது, ஆசிரியர் உபரி என்று சொல்வது நியாயமா? எனக்கு நியாயமாகப் படவில்லை.

இப்படி ஒவ்வொருவராகப் போனபின் தங்கியிருப்பவர்கள்தான் உன் 34 பேர். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள், தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள், தாய் மட்டும் இருக்கும் பிள்ளைகள். பல ஊர்களில் ஊர்த்தெருப் பிள்ளைகள் வேனில் போய்விட, பள்ளிக்கே காலனிப் பள்ளி என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பேச்சை யாராவது உன் காதுபடச் சொன்னால் அங்கேயே மறுத்துச் சொல். உன்னிடம் இனவாரிப் பட்டியல் கேட்பார்கள். உதவித்தொகைக்கு அது வேண்டும், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வகுப்பில் நின்றுகொண்டு இன்ன சாதிப் பிள்ளைகள் எழுந்திருங்கள் என்று ஒருநாளும் சொல்லாதே. தேவையான விவரத்தைப் பெற்றோரிடம் தனியாகக் கேட்டு வாங்கு. நாங்குநேரியில் பள்ளி மாணவன்மேல் நடந்த சாதிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையும் வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது, சாதியைச் சொல்லிப் பிள்ளையை அழைக்கக்கூடாது என்றுதான் சொல்கிறது. அறிக்கை வருமுன்பே நல்ல ஆசிரியர்கள் அப்படித்தான் இருந்தார்கள்.

காலைச் சிற்றுண்டியின்போது எட்டேகால், எட்டரைக்கே பள்ளியில் இருந்துவிடு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்த திட்டம் அது. 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு மதியப் பசியைத் தீர்த்தது. காலையில் வெறும் வயிற்றோடு உட்காரும் பிள்ளைகளை நாங்கள் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது உப்புமாவும் பொங்கலும் சாம்பாரும் இருக்கிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து நீயும் இரண்டு வாய் சாப்பிடு. யார் சமைத்தது என்று பார்த்துத் தட்டை ஒதுக்குகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆசிரியரே அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடும் பள்ளியில் அந்தப் பேச்சு எடுபடாது. எந்தப் பிள்ளை இரண்டாவது முறை அவசரமாகத் தட்டை நீட்டுகிறது என்று கவனித்தால், முந்தின இரவு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

உன் பகுதியில் பொங்கலுக்குப் பிறகு சில பெயர்களுக்கு நேரே வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து வரவில்லை என்றே விழும். வடகிழக்கு மழை ஓய்ந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள். கரும்பு வெட்டப் போகிறவர்களும் உண்டு. இருளர் குடும்பங்கள் இதில் நிறைய. பருவம் முடிந்து திரும்பும்போது பிள்ளை பாதிப் பாடத்தைத் தவறவிட்டிருக்கும். அப்படித் திரும்பிவந்த பையன் ஒருவன் என்னிடம் படித்தான். 1,000 என்று எழுதத் தெரியாது. ஆனால் காயவைத்த பச்சைக் கல்லை வரிசைக்கு எத்தனை, எத்தனை வரிசை சேர்ந்தால் ஆயிரம், அதற்கு அப்பாவுக்கு என்ன கூலி, முன்பணத்தில் எவ்வளவு கழியும் என்று வாயாலேயே சொல்வான். அவனுக்கு இடமதிப்பு சொல்லிக்கொடுக்க மணிச்சட்டம் தேவைப்படவில்லை. தரையில் கல் அடுக்குவதுபோல் பத்துப் பத்தாக வரையச் சொன்னேன். அந்த வாரத்திலேயே நாலிலக்க எண் எழுதினான். பிள்ளை வெறுங்கையோடு திரும்பி வருவதில்லை. என்ன கொண்டுவந்திருக்கிறது என்று கேட்பதற்கு நமக்குத்தான் நேரம் வேண்டும், அந்த நேரத்தைத்தான் அந்த வகுத்தல் கணக்கு பறித்துக்கொள்கிறது.

அவர்கள் பெயரை நீக்கிவிடாதே. எங்கே போகிறார்கள், எந்தச் சூளை, யாருடைய போன் எண் என்று கேட்டு எழுதிவை. அங்கே பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளியில் உட்காரவைக்க முடியுமா என்று வட்டார வள மையத்தில் கேள். வெளியூர் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை உன் பள்ளி வாசலுக்கு வந்தாலும் இதே மாதிரிதான். மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்ப சட்டம் இடம் கொடுக்கவில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு, காகிதத்துக்குப் பிறகு அலையலாம். தமிழ் தெரியாத பிள்ளை வந்தால் பயப்படாதே. விளையாட்டு நேரத்தில் உன் பிள்ளைகள் உன்னைவிட வேகமாகத் தமிழ் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படிதான் ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிப்பார்கள். எண்ணிக்கை வரம்பைவிட ஒன்றிரண்டு குறைந்தால் ஒருவர் உபரி, பணிநிரவலில் வேறு ஊர். 61-ஐ எட்ட இரண்டு பிள்ளை குறைகிற பள்ளியில் பக்கத்து அங்கன்வாடியிலிருந்து ஒரு பெயர், ஊரைவிட்டுப் போனவர் வீட்டிலிருந்து ஒரு பெயர் என்று சேர்த்துக்கொள்ளச் சிலர் யோசனை சொல்வார்கள். எல்லாரும் செய்வதுதான் என்பார்கள். செய்யாதே. பொய்ப் பெயருக்குச் சோறு கணக்கு எழுத வேண்டும், சீருடை வாங்க வேண்டும், மதிப்பெண் போட வேண்டும். ஒரு பொய்யைக் காக்க வருடம் முழுக்கப் பொய் எழுத வேண்டும். அதைவிடப் பெரிய கெடுதல், நாளைக்கு நீ உண்மையான குறையைச் சொல்லி ஆசிரியர் கேட்கும்போது உன் பதிவேட்டை யாரும் நம்பமாட்டார்கள்.

பிள்ளை சேர்க்க நேரான வழி இருக்கிறது. பேரணி, பதாகை எல்லாம் மேலதிகாரிகள் சொன்னபடி நடத்து. அதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாக வாசித்தால், எதிர்வீட்டு அம்மா காதில் விழும். அதற்குப் பின் நீ போய்க் கேட்டால் கதவு திறக்கும். ஆங்கிலம் வருமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை அலட்சியம் செய்யாதே. அவர்கள் கவலை நியாயமானது. முதலில் தமிழில் நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலமும் வரும் என்பதை வாயால் சொல்லாமல் ஒரு பிள்ளையை வாசிக்கவைத்துக் காட்டு.

பள்ளி மேலாண்மைக் குழுவைக் கையெழுத்து வாங்கும் கூட்டமாக விட்டுவிடாதே. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டுக் களைத்து வரும் அந்த அம்மாக்களிடம், உங்கள் பிள்ளைக்கு ஒரு நாளில் எத்தனை நிமிடம் ஆசிரியர் கிடைக்கிறார் என்று கணக்குப் போட்டுக் காட்டு. 17-க்கு ஒருவர் என்ற கணக்கு அவர்களுக்குப் புரியாது. ஒரு பாடவேளையில் உன் பிள்ளையின் வகுப்புக்குக் கால் மணி நேரம்தான், அதிலும் அது ஒன்பதில் ஒன்று என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். கேட்க வேண்டியதை உன்னைவிடத் துணிச்சலாக அவர்கள் கேட்பார்கள்.

எனவே, ஆகஸ்ட் வருமுன் ஒரு வேலை செய். ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர், அவர்களில் யார் பருவத்துக்கு இடம்பெயர்கிறவர்கள், யாருக்குத் தனிக் கவனம் தேவை, தலைமை ஆசிரியர் அலுவலக வேலையாகப் போன நாட்கள் எத்தனை, நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பாடம் நடத்திய நாட்கள் எத்தனை என்று ஒரு முழுப் பக்கத்தில் எழுது. தலைமை ஆசிரியரோடு பேசி, மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, இந்தப் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். விதியில் இடமில்லை என்று பதில் வரும். வரட்டும். அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கிக் கோப்பில் வை, அடுத்த வருடமும் அனுப்பு.

அன்புடன்,
அத்தை